ஷிப்ட் வேலையும் ஓய்வு நேரமும்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், இரவுப் பணி பார்ப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய சிறிய பதிலைத் தொடர்ந்து, ஷிப்ட் முறையில் வேலை செய்பவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உடம்புக்கு ஒன்று என்றால் மருத்துவரிடம் கேட்கலாம், பாட்டையும் புத்தகத்தையும் விளையாட்டையும் பற்றி யாரிடம் கேட்பது என்று அவர்களில் ஒருவர் எழுதியிருக்கிறார். செய்தித்தாள் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில் இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

இரவுப் பணி முடித்துக் காலை ஒன்பது மணிக்கு வீடு வந்து சேர்கிறேன். தூக்கம் வருவதற்காக நீலாம்பரி ராகத்தில் அமைந்த பாடல்களைக் கேட்டுக்கொண்டே படுப்பது வழக்கம். நீலாம்பரி இரவுக்குரியது, அதைக் காலையில் கேட்பது முறையன்று என்கிறார் என் மாமியார். அவர் முறைப்படி சங்கீதம் பயின்றவர். நான் என்ன செய்ய வேண்டும்?
— செவிலியர், மதுரை

உங்கள் மாமியார் சொல்வதற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது, அம்மா. தேவாரப் பண்களையே பகல் பண், இரவுப் பண், பொதுப் பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பகல் பண்ணாகிய புறநீர்மையை ஓதுவார்கள் இன்று பூபாள ராகத்தில் பாடுகிறார்கள். இரவுப் பண்ணாகிய மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியில் பாடுகிறார்கள். பள்ளியறை வழிபாட்டின்போது நாகஸ்வரத்தில் நீலாம்பரி ஒலிக்கக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, அதே ராகம் காலை வெயிலில் ஒலிப்பது உறுத்தத்தான் செய்யும்.

ஆயினும், கோயிலில் அந்த ராகம் எதற்காக இசைக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அன்றைய வழிபாடெல்லாம் முடிந்து இறைவன் பள்ளிகொள்ளும் வேளைக்கு உரியதாக அதை வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் வார்டில் விழித்திருந்து பிறரைக் கவனித்துக்கொண்ட உங்களுக்கு அந்த வேளை காலை ஒன்பது மணிக்குத்தான் வாய்க்கிறது. கச்சேரி மேடையிலும்கூட, இந்துஸ்தானி இசையில் இருக்கும் அளவுக்குக் கர்நாடக இசையில் நேரக் கட்டுப்பாடு இல்லை. பூபாளம், பௌளி போன்ற சில ராகங்களுக்கு மட்டும் வேளை பார்ப்பார்கள். ஆகவே நீங்கள் தாராளமாக நீலாம்பரி கேட்கலாம் என்பதே என் முடிவு.

கேட்கும் முறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது அதிகம். சொற்கள் உள்ள பாட்டைக் கேட்டால் மனம் சொற்களின் பின்னால் போகும், தெரிந்த பாட்டாக இருந்தால் அடுத்த அடியை முன்கூட்டியே முணுமுணுக்கும். திரைப்பாடல் என்றால் அதைப் பார்த்த படம், கேட்ட வயது, கூட இருந்தவர்கள் என்று நினைவுகள் வரிசையாகக் கிளம்பிவிடும். படுக்கைக்கு வீணையோ புல்லாங்குழலோ நல்லது. அதிலும் தாளம் சேராத ஆலாபனைப் பகுதி மிகவும் நல்லது. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் உள்ள பதிவாக இருந்தால் கண் சொருகும் நேரத்தில் மிருதங்கம் உங்களை எழுப்பிவிடும். கைப்பேசியில் அரைமணி நேரத்தில் தானாக நின்றுவிடும்படி வைத்துவிட்டு, அதைக் கட்டிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் உடம்பின் உள் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலை வெயிலில் முகம் காட்டிக்கொண்டே வீடு வந்து, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தால் எந்த ராகமும் உதவாது. கனமான திரையைப் போட்டு அறையை இருட்டாக்கிய பிறகே பாட்டைத் தொடங்குங்கள். எந்தப் பதிவைக் கேட்கலாம் என்று உங்கள் மாமியாரிடமே கேட்டுத் தேர்ந்துகொள்ளுங்கள். சங்கீதம் தெரிந்தவர் ஒருவர் வீட்டிலேயே இருப்பது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் உறக்கத்துக்காகத் தாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவருக்கு, அது காலையில் ஒலிக்கிறதே என்ற வருத்தமும் குறையும்.

கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். கல்லூரிக் காலத்தில் பெரிய நாவல்களை ஆசையாகப் படித்தவன், இப்போது எதை எடுத்தாலும் நூறு பக்கத்துக்குள் விட்டுப்போகிறது. இரண்டு வாரம் கழித்து எடுத்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடுகிறது. வாசிப்பு என்னைவிட்டுப் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

வாசிப்பு உங்களைவிட்டுப் போகவில்லை, தம்பி. நாவல் கேட்கும் நேர ஒழுங்கு உங்கள் வாரத்தில் இல்லை, அவ்வளவுதான். பெரிய நாவல் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வேளையில் தன்னிடம் வரும் வாசகரை எதிர்பார்க்கிறது. காலை ஆறு மணி ஷிப்டிலிருந்து மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கும், அங்கிருந்து இரவு பத்து மணி ஷிப்டுக்கும் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அப்படி ஒரு வேளை அமைவதில்லை. எனவே கிடைக்கும் இடைவெளியின் நீளத்தை முதலில் பார்த்து, அதற்கேற்ற நீளமுள்ள படைப்பை எடுப்பதுதான் வழி.

இதற்கு நம் பழைய இலக்கியமே கைகொடுக்கிறது. அகப்பாடல்களைத் தொகுத்த பழம்புலவர்கள் அவற்றை அடியளவு கொண்டே பிரித்து வைத்தார்கள். மூன்று முதல் ஆறு அடி வரை உள்ளவை ஐங்குறுநூறு, நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. தேநீர் இடைவேளையில் குறுந்தொகையில் ஒரு பாட்டை உரையோடு படித்து முடித்துவிடலாம். கேண்டீனில் சாப்பிட்ட பிறகு மிச்சமிருக்கும் இருபது நிமிடத்துக்கு அகநானூற்றுப் பாட்டு ஒன்று சரியாக இருக்கும். பாட்டு சிறியதென்றால் அனுபவமும் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். குறுந்தொகையின் ஆறாம் பாட்டில், நள்ளிரவில் ஊரும் உலகமும் ஓய்ந்து உறங்க, தான் ஒருத்தி மட்டும் விழித்திருப்பதாகத் தலைவி சொல்கிறாள். அவளுடைய விழிப்புக்குக் காரணம் பிரிவு. உங்களுடையதற்குக் காரணம் வேலை. என்றாலும், இரவு இரண்டு மணிக்கு இயந்திரத்தின் அருகிலிருந்து கொஞ்சம் விலகி வந்து அந்த நான்கு அடிகளைப் படித்துப் பாருங்கள். அதைப் பகலில் வகுப்பறையில் படித்தவர்களைக் காட்டிலும் நீங்கள் அந்தப் பாட்டுக்கு அருகில் இருப்பீர்கள். நான் அப்படித்தான் அதைப் படித்தேன், கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகக் காத்திருந்த ஒரு வேளையில்.

உரைநடை வேண்டுமென்றால் சிறுகதை இருக்கிறது. புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, மலிவான பதிப்புகளாகவே கிடைக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பிலிருந்து சங்க நூல்கள் முதல் பல நூல்களைக் கட்டணமின்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் கைப்பேசித் திரையைப் பார்த்துப் படிக்க வேண்டாம். கண்ணுக்கும் தலைக்கும் ஆகாது, வரவேண்டிய தூக்கமும் தள்ளிப்போகும்.

பெரிய நாவலை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. காலை ஷிப்ட் வாரங்களில் மட்டும் அதை எடுங்கள், அந்த வாரத்தில்தான் உங்கள் மாலை ஒரே மாதிரி அமைகிறது. ஒரு தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, புதிதாக ஒரு பாத்திரம் வரும்போதெல்லாம் பெயர், உறவு, முதலில் வந்த பக்கம் ஆகிய மூன்றையும் பென்சிலால் குறித்து வாருங்கள். நிறுத்தும் இடத்தில், அடுத்து என்ன நடக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் திறக்கும்போது, கதைச் சுருக்கத்தைவிட அந்த ஒரு வரிதான் உங்களைச் சட்டென்று கதைக்குள் கொண்டுபோய் விடும்.

வேலை செய்துகொண்டே காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கலாமா? இரவு மூன்று மணிக்குமேல் கண்ணைச் சுழற்றுகிறது.
— வாசகர், அம்பத்தூர்

இயந்திரத்தின் அருகில் கூடாது. ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் ஒலியும், பக்கத்தில் இருப்பவர் போடும் கூச்சலும், இயந்திரத்தின் சத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் உங்கள் காதில் விழுந்தாக வேண்டும். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை உடம்பின் வெப்பம் மிகவும் தணிந்திருக்கும் நேரம். அப்போது வரும் அசதியைப் பாட்டு கொஞ்ச நேரம் மறைக்குமே தவிரப் போக்காது. மேற்பார்வையாளர் அனுமதித்தால் இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். காபி, டீயை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மூவர் ஏ, பி, சி ஷிப்டுகளில் வாரம் மாறி மாறிப் போகிறோம், ஒருவர் ஜெனரல் ஷிப்ட். கேரம், செஸ், கட்டான் என்ற பலகை ஆட்டம் முதலிய எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோம், ஆனால் சேர்ந்து உட்கார முடியவில்லை. எங்களைப் போன்றவர்கள் எதை, எப்படி விளையாடுவது?
— நான்கு நண்பர்கள், ஓசூர்

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நால்வரும் சேர முடியவில்லை என்றதும் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துக்கொண்டு படுத்துவிடாமல், வழி தேடுகிறீர்கள். அதனால் தாளில் எழுதிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட் போனவர் மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார். விடியுமுன் எழ வேண்டும் என்பதால் இரவு ஒன்பதுக்குள் படுத்துவிடுவார். இரவு பத்து மணி சி ஷிப்ட் பார்ப்பவர் காலை ஏழிலிருந்து மதியம் ஒன்று, இரண்டு மணிவரை தூங்குவார். இரவு ஒன்பது மணி சுமாருக்குப் பஸ் ஏறுவார். ஜெனரல் ஷிப்ட் நண்பர் மாலை ஆறு மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொண்டால், மாலை ஆறு முதல் எட்டரை வரை இந்த மூவரும் விழித்த நிலையில் வீட்டில் இருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி இரவு பத்தரைக்குமேல் திரும்பும் பி ஷிப்ட் நண்பரின் ஓய்வு நேரத்தில் ஏ ஷிப்ட் நண்பர் வேலையில் இருக்கிறார், சி ஷிப்ட் நண்பர் தூங்குகிறார். ஆக, உங்கள் சிக்கல் நால்வருக்கும் பொதுவானது அன்று. வாரத்துக்கு ஒருவர், பி ஷிப்ட் போகிறவர், தனியாக நிற்கிறார் என்பதே உண்மை நிலை.

இதை வைத்துக்கொண்டு விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். மாலையில் இருக்கும் மூவருக்குக் கட்டான் பொருத்தமானது. 1995இல் ஜெர்மனியில் கிளாஸ் டாய்பர் உருவாக்கிய அந்த ஆட்டத்தை மூவரோ நால்வரோ ஆடலாம், எட்டரை மணிக்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். தாயமும் மூவர் ஆடலாம். பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வாங்கினால் போதும், கட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளலாம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதும், தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதும் ஆட்டத்தை எந்த நேரத்திலும் புரட்டிவிடக்கூடியவை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து வந்தவருக்கு அந்த அளவு யோசனை போதுமானது.

ஜெனரல் ஷிப்ட் நண்பர் வருவதற்குமுன் இருவராக இருக்கும் மாலை நேரத்துக்கு ஆடுபுலி ஆட்டத்தைச் சொல்வேன். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி வைத்திருப்பவர் கோட்டின் வழியே ஆட்டைத் தாண்டி வெட்டுவார். ஆடு வைத்திருப்பவரால் எதையும் வெட்ட முடியாது, மூன்று புலிகளையும் நகரவிடாமல் அடைப்பதே அவருடைய வெற்றி. பதினைந்து ஆடுகளையும் பலகையில் இறக்கி முடிக்கும்வரை இறக்கிய ஆட்டை நகர்த்தக்கூடாது என்பதால், ஒவ்வோர் ஆட்டையும் அதற்குப் பின்னால் உள்ள புள்ளி காலியாக இல்லாதபடி பார்த்து இறக்க வேண்டும். முதலில் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து உள்ளே வருவதுதான் ஆடுகளுக்கு வழி. அவசரப்பட்டு நடுவில் ஓர் ஆட்டைத் தனியாக வைத்தால் அது போய்விட்டது என்றே கொள்ளலாம். இருவரும் மாறி மாறிப் புலியும் ஆடும் வைத்து இரண்டு ஆட்டம் ஆடினால்தான் யார் திறமைசாலி என்று தெரியும்.

இனி, அந்த வாரம் பி ஷிப்ட் போகிற நண்பருக்குச் செஸ். அவருக்கும் மற்ற மூவரில் ஒருவருக்கும் இடையே, நாளுக்கு ஒரு நகர்த்தலாக ஆட்டம் ஓடட்டும். பலகையை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. காயை நகர்த்தியவர் அதை எழுதி, தேதியும் போட வேண்டும். பலகையைத் துடைக்கும்போது காய் இடம் மாறிப்போனாலும் நோட்டைப் பார்த்து மீண்டும் அடுக்கிவிடலாம். அஞ்சலட்டையில் நகர்த்தலை எழுதி அனுப்பி ஆடியவர்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்றே 1951இல் ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும் ஏற்பட்டது. ஒரு நகர்த்தலை நாள் முழுவதும் மனத்தில் வைத்து யோசிக்கும் இன்பம் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்போது கிடைப்பதில்லை. இரவு பத்தரைக்கு வந்து விளக்கைப் போட்டதும், தான் எதிர்பாராத கட்டத்தில் எதிராளியின் குதிரை நிற்பதைப் பார்க்கும் நண்பருக்கு, தான் அந்த வீட்டின் மாலையில் இல்லாமல் போய்விடவில்லை என்பது தெரியும்.

கேரமைப் பற்றி ஒரு வேண்டுகோள். மதியம் மூன்று மணிமுதல் இரவு எட்டரை வரை உங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. அந்த நேரத்தில் மட்டும் ஆடுங்கள். காலையில் சி ஷிப்ட் நண்பர் தூங்கும்போதும், இரவில் ஏ ஷிப்ட் நண்பர் தூங்கும்போதும் ஸ்ட்ரைக்கர் பலகையின் விளிம்பில் மோதும் சத்தம் கதவைத் தாண்டி வரும்.

என் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் அரைமணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டோ, புத்தகம் படித்துக்கொண்டோ உட்கார்ந்திருக்கிறார். எங்களோடு பேச அவருக்கு விருப்பம் இல்லையோ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.
— வாசகி, நெய்வேலி

அப்படி இராது, அம்மா. மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வருகிறவருக்குத் தூங்கப்போகுமுன் நான்கு மணி நேரம் இருக்கிறது. அதில் முகம் கழுவி, காபி குடித்து, தெருவில் நாலு பேரிடம் பேசி வேலையை மனத்திலிருந்து இறக்கிவிடுகிறார். உங்கள் கணவர் வந்த ஒரு மணி நேரத்தில் படுத்தாக வேண்டும். அனல்மின் நிலையத்தின் இரைச்சலோ, சுரங்கத்தின் புழுதியோ அந்த அரைமணியில்தான் அவரைவிட்டு அகல வேண்டும். பாட்டையும் புத்தகத்தையும் அவர் தேர்ந்துகொண்டிருப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

அதே சமயம் பிள்ளைகள் கேட்பதும் நியாயம். அவர் எழுந்த பிறகு, மாலையில் அவர்களுக்கென்று ஒரு வேளையை அவர் ஒதுக்க வேண்டும் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பேச்சு உடனே வராவிட்டால் நடுவில் ஒரு பல்லாங்குழிப் பலகையை வையுங்கள். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து சோழியோ புளியங்கொட்டையோ போட்டு ஆடத் தொடங்கினால், எண்ணுவதிலும், குழியில் நான்கு சேர்ந்ததும் அதைப் பசு என்று எடுப்பதிலும் பேச்சு தானாக வரும். அவர் இரவு ஷிப்ட் போன பிறகு தூக்கம் வராத பிள்ளை இருந்தால், அதே பலகையில் ஒருவர் மட்டுமே ஆடும் வகையும் உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியது என்று சொல்வார்கள்.

எங்கள் ஆலையின் ஓய்வறைக்கு ஒரு கேரம் போர்டு வாங்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— தொழிலாளர், கோயம்புத்தூர்

நல்ல செய்தி. கேரமுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பெரியது: சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது, உலக சாம்பியன் பட்டம் வென்ற மரிய இருதயமும் சென்னைக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். ஆகவே தரமான பலகையாகவே கேளுங்கள்.

ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரமாக இருக்க வேண்டும். பிளைவுட் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஷிப்டுக்குப் பத்துப் பேர் ஆடும் இடத்தில் மெல்லிய பலகை ஒரு மழைக்காலத்திலேயே வளைந்துவிடும். கடையில் பலகையைச் சமதளத்தில் வைத்து, ஒரு காயை நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் ஒதுங்கினால் வேண்டாம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று போக, தொலைந்துபோவதற்கென்று கூடுதலாக வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு காய்களை வாங்கிவிடுங்கள். தாங்கியும், நேர்மேலே தொங்கும் விளக்கும் இல்லாமல் பலகையை மட்டும் வாங்கி மேசைமேல் போடாதீர்கள். நிழல் விழுந்தால் இரவு ஷிப்ட் ஆட்களால் ஆட முடியாது. பவுடர் டப்பாவை யார் பூட்டி வைப்பது என்பதை மூன்று ஷிப்ட் ஆட்களும் முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.